துரட்டிக்கு வந்த மவுசு

ஆஸ்பத்திரிக்குப் பின்புறம் இருந்த சலவைக் கூடத்தில் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சூடான உருளைகளுக்கு நடுவே ஈர விரிப்பின் இரண்டு முனைகளையும் பிடித்துச் சுருக்கமில்லாமல் கொடுக்க வேண்டும், அதுதான் வேலை. அந்தப் பக்கம் இரண்டு பெண்கள் உலர்ந்து வருவதை மடித்து அடுக்குவார்கள். நீராவி இரைச்சலில் பேச்சு எடுபடாது. ஏதாவது வேண்டுமென்றால் கையைத் தட்டுவார்கள், அவன் திரும்புவான். காய்ச்சலில் படுத்தால் அந்த இடத்தில் வேறொருவன் நின்றான். விரிப்புகளுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவனுக்கு ஒரு பெயர் இருந்தது. முதலாணி.

ஊருக்கு வெளியே, சிமெண்டுக் குழாய் வார்க்கும் களத்தைத் தாண்டினால் கைவிட்டுப் போன கல்குவாரி ஒன்று உண்டு. வெட்டி எடுத்தது போக மிஞ்சிய பாறை செங்குத்தாக நின்றது. எந்தக் காலத்திலோ யாரோ அதில் துளை போட்டு, வரிசை வரிசையாக இரும்பு ஆணி இறக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு காது வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஏறுகிறவர் இடுப்புப் பட்டையில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, ஆணிக்கு ஆணி கொக்கி மாட்டி, அதில் கயிற்றை நுழைத்துக்கொண்டே மேலே போவார். கீழே ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். கை நழுவினால் கடைசியாக மாட்டிய கொக்கி தாங்கிக்கொள்ளும். ஆனால் முதல் ஆணியை எட்டும்வரை தாங்குவதற்கு ஒன்றும் கிடையாது. விழுந்தால் தரைதான். அந்தப் பாறையில் ஆணி இறக்கிய புண்ணியவான் ரொம்ப நெட்டையோ, இல்லை ஆணியில் சிக்கனம் பிடித்தவரோ, ஓர் ஆளின் தோள்மேல் இன்னோர் ஆள் நின்றாலும் எட்டாத உயரத்தில் முதல் ஆணியை வைத்திருந்தார். கீழே மண்ணும் இல்லை. குவியல் குவியலாக உடைந்த கல்.

ஞாயிறுதோறும் அங்கே கூடுகிற ஏழெட்டுப் பேரில் அந்த உயரத்தைப் பயமில்லாமல் கடந்தவன் அவன் ஒருவன்தான். விடுவிடென்று ஏறி, கொக்கியை மாட்டி, கயிற்றை நுழைத்துவிட்டு இறங்கி வருவான். பிறகுதான் மற்றவர்கள் கயிற்றைக் கட்டிக்கொள்வார்கள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற அக்கா ஒருத்தி, எல்லோரையும் தன் வேனில் ஏற்றி வருகிறவள், அவனுக்கு அந்தப் பெயரை வைத்தாள். பிளாஸ்கைத் திறந்தால் முதல் டீ அவனுக்குத்தான். யாரும் அப்படிச் சட்டம் போடவில்லை, அதுவாக அமைந்தது. அந்த ஒரு டீயின் சூட்டில்தான் அவன் அடுத்த ஆறு நாளும் விரிப்புகளைத் தள்ளினான்.

அவன் மனைவி மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். சில ஞாயிறு அவளும் வருவாள். ஏறமாட்டாள். அவன் பாறையில் கை வைத்ததும் குழாய்க் களத்தைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொள்வாள். கொக்கி ஆணியில் விழுகிற 'டக்' சத்தம் கேட்ட பிறகுதான் முகத்தைத் திருப்புவாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவளுடைய அந்த முதுகைப் போல அவனுக்குப் பெருமை தந்தது வேறொன்றும் இல்லை.

இப்படி இருக்கையில்தான் பெயிண்டர் வந்து சேர்ந்தார்.

கொஞ்சம் வயிறு வைத்த மனிதர், அவனைவிட நாலைந்து வயது மூத்தவர். கையில், இழுத்தால் நீளுகிற அலுமினியக் கம்பு. வீட்டுக் கூரைக்கு வண்ணம் அடிக்க உருளை மாட்டுகிற அதே கம்புதான். உருளைக்குப் பதிலாக உள்ளங்கை அளவில் ஓர் இரும்புத் தலையைத் திருகி வைத்திருந்தார். அந்தத் தலை கொக்கியின் வாயைத் திறந்தபடியே பிடித்துக்கொள்ளும். கயிற்றைக் கொக்கியில் முன்னாலேயே நுழைத்து, கம்பை உயர்த்தி, ஆணியின் காதில் மாட்டி ஓர் இழுப்பு இழுத்தால் கொக்கி அங்கேயே தங்கிவிடும். கம்பு மட்டும் திரும்பி வரும்.

அன்றைக்கு முதலாணி குனிந்து செருப்பை மாற்றிக்கொண்டிருந்தான். ஏறுவதற்கான இறுக்கமான செருப்பின் பட்டையை இழுத்துக் கட்டி நிமிர்ந்தபோது, கயிறு முதல் ஆணியிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. அவனுக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. தானே ஏறி மாட்டிவிட்டு மறந்துபோனோமோ என்றுகூட நினைத்தான்.

"அட, இவ்வளவுதானா விஷயம்?" என்றாள் வேன் அக்கா. "காய் பறிக்கிற தொரட்டி மாதிரியில்ல இருக்கு. இத்தனை நாள் நம்ம யாருக்கும் தோணலையே."

அவள் அதில் எந்த உள்ளர்த்தமும் வைக்கவில்லை. ஆனால் 'இவ்வளவுதானா' என்ற சொல் அவனுக்குள் போய் எங்கேயோ தைத்துக்கொண்டது. இத்தனை வருஷம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறியது, ஒரு கூரை அடிக்கிற கம்புக்குச் சமம்.

கம்புக்குத் துரட்டி என்றே பெயர் நிலைத்தது. வந்த சில வாரத்திலேயே அதற்கு வந்த மவுசைச் சொல்லி முடியாது. 'தொரட்டி வந்தாச்சா?' என்பதுதான் வேனில் ஏறுகிறவர்களின் முதல் கேள்வி. பெயிண்டர் ஊரின் மறுகோடியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவர் என்பதால் கம்பை வேனிலேயே விட்டுப்போனார். பின் இருக்கையில் அது ஓர் ஆள்போல நீட்டிப் படுத்து வந்தது. அதற்காக முதலாணி காலை மடக்கி உட்கார வேண்டியிருந்தது.

அவன் பெயிண்டரிடம் குற்றம் தேட ஆரம்பித்தான். தேடத் தேடக் கிடைத்தது. மனிதர் மூச்சு வாங்குகிறார். பாதி ஏறியதும் கயிற்றில் தொங்கி ஓய்வெடுக்கிறார். விரல் இடுக்கில் வெள்ளைப் பெயிண்ட் ஒட்டிக்கொண்டிருக்க, அதே கையால் ரொட்டியை எடுத்து நீட்டுகிறார். ஒருநாள் அவர் காதில் விழும்படியாகவே, துணிச்சல் இல்லாதவர்களெல்லாம் ஏற வந்தால் இப்படித்தான் என்று சொன்னான்.

பெயிண்டர் கோபித்துக்கொள்ளவில்லை. "வாஸ்தவம்தான் தம்பி. எனக்கு ரொம்பப் பயம். கால் ஒடிஞ்சா ஏணி ஏற முடியாது, ஏணி ஏறலைன்னா அடுப்பு எரியாது" என்றார்.

ஆமாம் என்று ஒத்துக்கொள்கிற ஆளிடம் எப்படிச் சண்டை போடுவது?

வீட்டிலாவது ஆறுதல் கிடைக்கும் என்று பார்த்தால், அங்கே அதற்கு மேல் இருந்தது. தட்டுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டே மனைவி பெயிண்டரை நல்ல மனிதர் என்றாள். இனிமேல் தான் அந்தப் பக்கம் திரும்பி உட்கார வேண்டியதில்லை, நெஞ்சில் இருந்த கல்லை இறக்கி வைத்தமாதிரி இருக்கிறது என்றாள். அவள் நிம்மதியைக் கண்டு அவன் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவனுக்கோ யாரோ தன் சட்டைப் பையில் கைவிட்டு எடுத்துக்கொண்டு போனதுபோல இருந்தது. அவள் பயம் தன்னுடைய சொத்து என்று அவன் நினைத்திருந்தான்.

"நானும் ஏறிப் பாக்கலாம்னு இருக்கேன்" என்றாள் அவள்.

"நீயா?"

"ஏன், எனக்குக் கைகால் இல்லையா?"

"இத்தனை நாள் தோணாதது இப்பத் தோணுதாக்கும்."

அவள் தட்டைக் கீழே வைத்தாள். "நீங்க என்னைக்காவது ஏறிப் பாக்கறியான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கீங்களா?"

"நீதான் திரும்பி உக்காந்துக்குவியே."

"அது உங்களுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயத்துல. ஏறப் பிடிக்காம இல்ல."

அடுத்த ஞாயிறே ஏறினாள். பாறையின் இடது ஓரத்தில் சாய்வாகப் போகிற வழி ஒன்று உண்டு. அங்கே கைக்கு வலு வேண்டியதில்லை. கால் வழுக்காது என்று நம்பி நிற்கத் தெரிய வேண்டும். முதலாணி தோள் பலத்தில் ஏறுகிறவன், அந்த வழியில் எப்போதுமே திணறுவான். பெயிண்டர் துரட்டியால் கொக்கியை மாட்டிக் கொடுத்துவிட்டு, கயிற்றையும் அவரே பிடித்துக்கொண்டார். "காலைப் பாரும்மா, கையை மற. மருந்து பாட்டிலை மேல் தட்டுல வைக்கிறப்ப எப்படி எக்கி நிப்ப, அதே மாதிரி நில்லு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவள் சத்தமில்லாமல் போனாள். அவன் வழக்கமாக மாட்டிக்கொண்டு விழிக்கிற இடத்தைக் கடந்தபோது வேன் அக்கா கை தட்டினாள். அவனும் தட்டினான், ஊருக்காக.

இறங்கி வந்தவளுக்கு முகமெல்லாம் சிவந்திருந்தது. அப்படியொரு சிரிப்பை அவன் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. அந்தச் சிரிப்பு முதலில் பெயிண்டர் பக்கம் திரும்பியது. கயிற்றைப் பிடித்திருந்தவர் அவர்தான், அதனால் திரும்பியது, வேறொன்றும் இல்லை. அது அவனுக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? பொறாமைக்குக் கண் உண்டே தவிரக் காது கிடையாது. பெயிண்டர்மேல் ஒன்று, அவர் கம்பின்மேல் ஒன்று, கட்டிய மனைவிமேலேயே ஒன்று என்று மூன்று அடுப்பு எரிந்தது அவனுக்கு. அந்த வாரம் சலவைக் கூடத்தில் விரிப்பைக் கோணலாகக் கொடுத்து உருளையில் சுற்றவைத்தான். மேஸ்திரி வந்து கத்திவிட்டுப் போனார்.

அதற்கடுத்த ஞாயிறு மாலை, வேன் அக்கா வீட்டு வாசலில் எல்லோரும் இறங்கிய பிறகு, பின்கதவைப் பூட்டிவிட்டு வரச்சொல்லி அவள் அவனிடம் சாவியைக் கொடுத்தாள். துரட்டி இருக்கையில் கிடந்தது. அவன் அதன் தலையைத் திருகிப் பார்த்தான். சுலபமாகக் கழன்றது. கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு கதவைப் பூட்டினான்.

திருட்டு என்று அவன் நினைக்கவில்லை. ஒரே ஒரு ஞாயிறு போதும். காலையில் தலையைக் காணாமல் தவிப்பார்கள், தன்னிடம் வருவார்கள், தான் ஏறிக் காட்டுவான். சாயங்காலம் வேன் மூலையில் போட்டுவிட்டால் கழன்று உருண்டிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். யாருக்கும் நஷ்டம் இல்லை. வாரம் முழுக்க அது சலவைக் கூடத்து அலமாரியில், பழைய கையுறை ஒன்றுக்குள் இருந்தது.

நினைத்தபடியே நடந்தது. பெயிண்டர் வேனைத் தலைகீழாகக் குடைந்தார். தன் மறதியைத் தானே நொந்துகொண்டார். எல்லோரும் தேடினார்கள். முதலாணியும் குனிந்து இருக்கைக்கு அடியில் கையை விட்டுத் துழாவினான். தேடுகிற பொருள் அவன் தொடையில் அழுத்திக்கொண்டிருந்தது. கடைசியில் வேன் அக்கா, "விடுங்கப்பா, நம்ம முதலாணி எதுக்கு இருக்காரு?" என்றாள்.

அந்த வார்த்தைக்குத்தானே காத்திருந்தான். முதல் வழியில் ஏறினான். பல வாரமாக அப்படி ஏறாததால் உடம்பு கொஞ்சம் கனத்தது. ஆனாலும் கொக்கியை மாட்டிவிட்டு இறங்கினான். பெயிண்டர் முதுகில் தட்டி, பெரிய உபகாரம் தம்பி என்றார். வேன் அக்கா தலையை ஆட்டினாள். உடனே இருவரும் புதுத் தலை எந்தக் கடையில் கிடைக்கும் என்று விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார்கள். அவன் மனைவி கயிற்றைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் இந்த முறை முதுகைத் திருப்பியிருக்கவில்லை. வேலை தெரிந்த பெண்போல அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள். பிளாஸ்கை யாரும் திறக்கவில்லை.

இதுவா? இதற்கா ஒரு வாரம் அலமாரியைப் பார்த்துப் பார்த்து மூடினோம் என்று இருந்தது அவனுக்கு. இன்னொரு கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு நேராக நடு வழிக்குப் போனான். அங்கே முதல் ஆணிக்குக் கீழே பாறை தொந்திபோலப் புடைத்திருக்கும். அதில் அவனே எப்போதாவதுதான் ஏறுவான்.

"வேணாம் தம்பி. இன்னைக்கு இதை விட்டுடலாம்" என்றார் பெயிண்டர்.

வேறு யார் சொல்லியிருந்தாலும் விட்டிருப்பான்.

புடைப்பைத் தாண்டும்வரை ஏறிவிட்டான். அதற்கு மேல் கை வரவில்லை. ஆணி தலைக்கு மேல், இடது கையை நீட்டினாலும் எட்டாத தூரத்தில் இருந்தது. வலது கை ஒரு வெடிப்பில் மாட்டியிருந்தது. அதை எடுத்தால் உடம்பு பின்னால் சாயும். கீழே இறங்கலாம் என்றால் புடைப்பு மறைத்து, கால் வைக்கும் இடம் தெரியவில்லை. இத்தனை வருஷமாகத் தனக்குப் பயம் கிடையாது என்று நினைத்திருந்தவனுக்கு, அது இப்போது வட்டி சேர்த்து வந்து நின்றதுபோல இருந்தது.

கீழே அவன் மனைவி இரண்டு கைகளையும் உயர்த்திக்கொண்டு நேர் கீழே வந்து நின்றாள். "கீழ பாக்காதீங்க. வலது காலுக்குக் கொஞ்சம் கீழ ஒரு விளிம்பு இருக்கு."

"தெரியல."

"மெதுவா. காலைத் தொங்க விட்டுத் தேடுங்க."

"முடியாது. எடுத்தா விழுந்துருவேன்."

பெயிண்டர் தலையில்லாத கம்பை எடுத்து வந்து அண்ணாந்து பார்த்தார். ஆணிவரை கம்பு எட்டியது. "தலை மட்டும் இருந்தா இப்பவே மாட்டிடலாமே" என்று வாய்விட்டுப் புலம்பினார்.

திருடனைத் தேள் கொட்டினால் கத்த முடியாது என்பார்கள். இங்கே கத்தாமல் முடியாது என்று ஆகிவிட்டது.

"என் பாக்கெட்ல இருக்கு" என்றான் அவன், பாறையைப் பார்த்தபடி.

"என்னது?"

"தொரட்டித் தலை. என் பாக்கெட்லதான் இருக்கு."

அவன் இடது கையை மெல்ல எடுத்துப் பைக்குள் விட்டு, இரும்பை உருவிக் கீழே போட்டான். கல்லில் பட்டுத் துள்ளி விழுந்தது. மனைவிதான் பொறுக்கினாள். உள்ளங்கையில் வைத்து ஒருமுறை பார்த்தாள், பிறகு பெயிண்டரிடம் கொடுத்தாள். அவர் திருகினார். கொக்கியை வாங்கி வாயைத் திறந்து பொருத்தினார், அவன் இடுப்பிலிருந்து இறங்கிய கயிற்றை அதில் நுழைத்தார். கம்பு அவன் காதோரமாக உரசிக்கொண்டு மேலே போனது. டக். வேன் அக்கா கயிற்றை இழுத்து இறுக்கினாள். இடுப்புப் பட்டை அவனைத் தூக்கிப் பிடித்தபோது அவனுக்கு அழுகை வந்தது.

இறக்கினார்கள். கயிற்றின் முடிச்சை அவிழ்க்க அவனுக்குக் கை வரவில்லை. பெயிண்டர் எதிரில் வந்து நின்றார். அவர் சிரிக்காமல் நின்றதை அவன் அன்றுதான் பார்த்தான்.

"என்கிட்ட நேரா சொல்லியிருந்தா இந்தக் கம்பை வீட்லயே வெச்சுட்டு வந்திருப்பேன் தம்பி. காலைலருந்து என் மண்டை மறதியை நானே திட்டிக்கிட்டு இருக்கேன். நீயும் கூடக் குனிஞ்சு தேடினியே, அதைத்தான் என்னால தாங்க முடியல."

அவன் குனிந்து மறுபடி முடிச்சைப் பிடித்து இழுத்தான்.

மனைவி வீட்டுக்கு வந்து முகம் கழுவி, துண்டால் துடைத்துக்கொண்ட பிறகு சொன்னாள்: "நீங்க விழுந்திருந்தா என் மேலதான் விழுந்திருப்பீங்க. நான் கையைத் தூக்கிட்டு நின்னேன். பாக்கெட்ல அதை வெச்சுக்கிட்டே நீங்க மேல ஏறினீங்க." கொஞ்சம் பொறுத்து, "அந்த மனுஷன் மேல கோபமா, இல்ல என் மேலயா?" என்று கேட்டாள்.

அவன் யோசித்துவிட்டு, ரெண்டு பேர் மேலயும் என்றான். பொய் சொல்லவில்லை என்பதற்காகவோ என்னவோ, அவள் அதற்குமேல் தோண்டவில்லை. ஆனால் பேச்சு பழையபடி ஆக வெகுநாள் பிடித்தது.

கொஞ்ச நாளைக்கு வர வேண்டாம் என்று வேன் அக்கா சொல்லிவிட்டாள். மனைவி மட்டும் போனாள். அவனைத் தனியே விட்டுப் போவதா என்று அவள் தயங்கியிருந்தாலாவது அவனுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவள் தயங்கவில்லை. ஞாயிறு காலை செருப்புப் பையை மாட்டிக்கொண்டு கிளம்புவாள். அவன் வீட்டைப் பெருக்குவான், ஜன்னலைத் துடைப்பான், வாரம் முழுக்கத் துணியோடு மல்லாடியது போதாதென்று வீட்டுத் துணியையும் துவைப்பான். எதைச் செய்தாலும் மனம் குவாரியில் கிடந்தது. இந்நேரம் ஏறியிருப்பாள், இந்நேரம் இறங்கியிருப்பாள், யாரைப் பார்த்துச் சிரித்திருப்பாள் என்று.

ஒரு மதியம் வேலை முடிந்ததும், பெயிண்டர் வேலை செய்கிற இடத்தை விசாரித்துக்கொண்டு போனான். புதிதாகக் கட்டிய அடுக்கு வீடு. ஜன்னலுக்கெல்லாம் காகிதம் ஒட்டியிருந்தது. காலி அறை நடுவில் ஏணிமேல் நின்று பெயிண்டர் கூரை மூலையைத் தூரிகையால் அடித்துக்கொண்டிருந்தார். அவனைப் பார்த்தும் நிறுத்தவில்லை. அவன் வாசலில் நின்றபடியே, தப்பு என்னுடையதுதான், மன்னிச்சிடுங்க அண்ணே என்றான். அவரை அண்ணே என்று அவன் அழைத்தது அதுதான் முதல் தடவை.

பெயிண்டர் தூரிகையை டப்பாவில் தோய்த்து மறுபடி மூலையையே அடித்தார்.

"அந்த ஏணியைக் கொஞ்சம் பிடி. தரை வழுக்குது" என்றார் கடைசியில்.

பிடித்தான். மூலையை முடித்துவிட்டு இறங்கி, கையைத் துடைத்துக்கொண்டே அவர் சொன்னார்: "கோபம் போகலை. போற அன்னைக்குப் போகட்டும். ஆனா நீ வந்துரு. உன் வீட்டம்மாவுக்கு வாராவாரம் கயிறு பிடிச்சு, அண்ணாந்து பாத்துப் பாத்து என் கழுத்து போச்சு."

வாராவாரம் இவர்தான் பிடிக்கிறார் என்று கேட்டதும், மன்னிப்புக் கேட்க வந்தவனுக்கு உள்ளே பழைய அடுப்பு குப்பென்று பற்றியது. வேறெதற்கு இல்லாவிட்டாலும் அதற்காகவே அந்த ஞாயிறு போனான்.

வேனில் யாரும் அவனை வரவேற்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. துரட்டிக்குக் காலை மடக்கிக்கொண்டான். குவாரியில் பெயிண்டர் கொக்கியை மாட்டிக் கொடுத்துவிட்டுப் பக்கத்து வழிக்குப் போனார். மனைவி கயிற்றின் மறுமுனையை ஒன்றும் சொல்லாமல் அவனிடம் நீட்டினாள். அவன் தன் இடுப்பில் இருந்த, கயிறு நழுவாமல் பிடிக்கிற கருவிக்குள் அதைப் போட்டு, இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, ஏறு என்றான்.

அவள் முதல் ஆணியைத் தாண்டி, இரண்டாவதைத் தாண்டி, அவனால் ஒருநாளும் சுலபமாகக் கடக்க முடியாத இடத்தில் போய் நின்றாள். இங்கே இவளும் கொஞ்சம் திணறமாட்டாளா என்று ஒரு நினைப்பு எழுந்தது. எழுந்த நினைப்பை அவனால் தடுக்க முடியவில்லை. கயிற்றை மட்டும் கவனமாகப் பிடித்திருந்தான்.

"இடது காலை உயர்த்தும்மா" என்று பக்கத்து வழியிலிருந்து குரல் வந்தது.

"அவளுக்குத் தெரியும் அண்ணே, உங்க வழியைப் பாருங்க" என்றான் அவன், கொஞ்சம் சத்தமாகவே.

"தெரிஞ்சா சரி. நான் சும்மா சொன்னேன்."

"சும்மாவும் சொல்ல வேண்டாம்."

மேலிருந்து அவள் குரல் இறங்கி வந்தது. "ரெண்டு பேரும் கொஞ்சம் வாயை மூடறீங்களா? நான் விழப்போறேன்."

அவன் சட்டென்று வாயை மூடிக்கொண்டு, காலை அகட்டி ஊன்றி, கயிற்றை இறுக்கினான்.